பறியைப் பல்லில் கடித்தவளுக்கு

அண்ணி,

போன வியாழக்கிழமை காலை வீட்டு வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. என் கை இரண்டும் இறால் கவிச்சி என்பதால் அவளே தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். கறுப்பு வெள்ளையில் நம் ஏரி. முழங்கால் ஆழத் தண்ணீரில் இரண்டு கைகள் சேற்றைத் தடவிக்கொண்டே போய்ச் சட்டென்று மூடிக்கொள்கின்றன. வெளியே வரும்போது விரல்களுக்கு நடுவில் ஓர் இறால் துடிக்கிறது. அடுத்த காட்சியில் கழுத்தளவுத் தண்ணீரில் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நகர்ந்து போகிறாள். அவள் வாயிலிருந்து ஒரு கயிறு தோளுக்கு மேலே போய், பின்னால் மிதக்கும் பறியில் முடிகிறது.

"அது இன்னா பை பாட்டி?" என்று கேட்டாள் அந்தப் பெண். நம் பேச்சைப் பேசிப் பார்க்கிறாளாம். பனையோலையில் பின்னிய பறி என்றேன். இரண்டு கையும் தடவ வேண்டும், அதனால் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள், பிடித்த இறாலை அப்படியே பின்னால் போடுவார்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். சொல்லும்போதே என் தாடை இறுகிவிட்டது. "அழறீங்களா பாட்டி?" என்றாள். "இல்லம்மா, பல்லக் கடிக்கிறேன்," என்றேன்.

அவளும் அவள் கூட்டாளிகளும் அந்தப் பழைய படத்தைத் தேடிப் பிடித்துக் கழுவிச் சுத்தம் செய்திருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக் கல்யாண மண்டபத்தில் போடப் போகிறார்கள். படம் எடுத்ததைக் கண்ணால் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான் என்பதால் மேடையில் நான்கு வார்த்தை பேச வேண்டும். என்ன பேசுவது என்று நான் திணறக் கூடாதே என்று அச்சடித்த தாள் ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் பிள்ளைகளை அதட்டியவள் நான். எனக்கா பேச்சு எழுதித் தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கையைக் கழுவிவிட்டு வாங்கிப் படித்தேன்.

அந்தப் படத்தின் கதாநாயகியான நடிகையம்மா வாரக்கணக்கில் நம் ஊரில் தங்கி, கையால் இறால் பிடிக்கும் வித்தையை ஏரிப் பெண்களிடம் கற்றுக்கொண்டு, டூப் போடாமல் தானே தண்ணீரில் இறங்கி நடித்து, அந்த வருஷத்தின் சிறந்த நடிகை விருதை வாங்கினாராம். அதைப் பார்த்த பாக்கியசாலி நானாம். யார் சொன்னது என்று கேட்டேன். "அந்தக் காலப் பத்திரிகையில இருக்கு பாட்டி," என்றாள் பாவம். "அந்தக் காலத்துல நான் இருந்தேம்மா," என்றேன்.

அவள் போன பிறகு இறால் உரிக்க முடியவில்லை. கோபம் இவ்வளவு வருஷம் கெடாமல் இருக்கும் என்று எனக்கே தெரியாது.

நீ எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா இல்லாத வீடு. நைனா, அண்ணன், நான். ஆரம்பாக்கத்துப் பக்கம் மீன் கொண்டுபோன அண்ணன் உன்னைப் பார்த்துவிட்டு வந்து பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நைனாவுக்கு நெருப்பாக எரிந்தது. நாங்கள் வலை வீடு. ஏரியில் இந்த இடத்தில் இந்த நாளில் இன்னார்தான் வலை கட்டலாம் என்று கோயிலில் சீட்டுப் போட்டுப் பாடு பிரித்துக்கொள்கிறவர்கள். உன் வீட்டார் கையால் தடவிப் பிடிக்கிறவர்கள். அவர்களுக்குப் பாடும் இல்லை, சீட்டும் இல்லை. ஒரே ஏரி, ஒரே இறால். ஆனாலும் எங்கள் ஆட்கள் உங்களைப் பற்றிப் பேசும்போது குரலை ஒரு மாதிரி இறக்கிப் பேசுவார்கள்.

கடைசியில் நைனா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "இந்த வூட்டுக்கு வந்தப்பறம் ஏரில கைய வெக்கக் கூடாது." நீ "சரி மாமா" என்றாய். அவ்வளவு சுலபமாக நீ சொன்ன சரி அது ஒன்றுதான் என்று பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஒரு வருஷம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். உன்மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லி நைனா என்னிடம் சொல்லியிருந்தார், அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான். நீ கரையில் உட்கார்ந்து சட்டி தேய்ப்பாய். நான் பக்கத்தில் கல்லாங்காய் ஆடுவதுபோல் பார்த்துக்கொண்டிருப்பேன். தண்ணீருக்குள் போன உன் கை சும்மா இருக்காது. ஒருநாள் சட்டியோடு ஓர் இறாலையும் எடுத்தாய். என்னைப் பார்த்தாய். இறாலை விட்டுவிட்டு, "போயி உங்க நைனாகிட்ட சொல்லு, அண்ணி எறாவ விட்டுட்டான்னு," என்றாய். நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் உன் கட்சி.

அதற்குப் பிறகுதான் படக்காரர்கள் வந்தார்கள். இரண்டு வேன், ஒரு பெரிய கார், குடை பிடிக்க ஓர் ஆள், குடை பிடிப்பவரைத் திட்ட ஓர் ஆள். ஊரே கரையில் நின்றது. நடிகையம்மா நல்ல மாதிரிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஏரிச் சேற்றில் கால் வைத்ததும் கணுக்கால் வரை உள்ளே போக, அவர் போட்ட சத்தத்தில் கரையில் இருந்த நாரை எல்லாம் எழுந்து பறந்துவிட்டது. மூன்று முறை இறங்கினார். மூன்று முறையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சந்தையில் வாங்கிய இறாலைப் பறியில் போட்டு வைத்திருந்தார்கள், அதை எடுத்துக் காட்டினால் போதும் என்றார்கள். அதற்கும் அவர் கை வரவில்லை.

கையால் பிடிக்கத் தெரிந்த பெண் யாராவது இருக்கிறாளா என்று டைரக்டர் கேட்டார். எங்கள் தெருவில் யாருக்குத் தெரியும்? வலை வீட்டுப் பெண்கள் கூடையில் விற்பார்கள், பிடிக்க மாட்டார்கள். ஆரம்பாக்கத்துப் பக்கம் ஆள் அனுப்பினால் வந்து சேர ஒரு நாள் ஆகும். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். நீ யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்குள் போனாய். கல்யாணத்தன்று நீ கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் உன் பறி இருந்தது. ஒரு வருஷமாக அங்கேதான் இருந்திருக்கிறது, உன்மேல் கண் வைத்திருந்த எனக்கே தெரியாது.

நடிகையம்மா கட்டியிருந்த புடவை மாதிரியே இன்னொன்றை உனக்குக் கட்டிவிட்டார்கள். நீ முதலில் செய்த வேலை, அவர்கள் பறியில் இருந்த சந்தை இறாலைக் கரையில் கொட்டியதுதான். "செத்த எறாவப் போயி எவன் போட்டு வச்சான்?" என்றாய். டைரக்டரே சிரித்துவிட்டார். பிறகு உன் பறிக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினாய். அவர் போதும் போதும் என்று கத்தினார். நீ அதற்கப்புறமும் நான்கு இறால் எடுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாய். முகம் தெரியக் கூடாது, திரும்பாதே என்று மட்டும் ஆயிரம் முறை சொன்னார்கள். இரண்டு நாள் எடுத்தார்கள். கரையேறியபோது நடிகையம்மா தன் துண்டை உனக்குக் கொடுத்து, நண்டு கடிக்காதா என்று கேட்டார். "கடிக்கும். கடிச்சாலும் விடக் கூடாது," என்றாய்.

வீட்டில் நைனா காத்திருந்தார். வலை வீட்டு மானத்தைக் கொண்டுபோய்ச் சேற்றில் தடவிவிட்டாயே என்று ஆரம்பித்தார். நீ ஈரப் புடவையோடு நின்று கேட்டாய். "ஏன் மாமா, உங்க வலைய இன்னா காலாலயா இழுக்கிறீங்க?" அண்ணன் திரும்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். நைனா அன்றிலிருந்து உன்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். சோறு மட்டும் நீ போட்டால் சாப்பிடுவார்.

படம் வந்தது. டூரிங் கொட்டாயில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தோம். நீ என்னைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டாய், நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன் அல்லவா. ஆரம்பத்தில் பேர் ஓடும்போது என் தொடையைக் கிள்ளிக் கிள்ளி, "வருதா, வருதா?" என்றாய். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் ஒவ்வொரு பேரும் போய்விடும், ஆனால் உன் பேர் எனக்குத் தெரியும், அது வரவில்லை. கடைசியில் ஏரிக்கரை ஊர் மக்களுக்கு நன்றி என்று போட்டார்கள். "ஊர் பேரு இருக்குது அண்ணி, உன் பேரு இல்ல," என்றேன். "ஊரா தண்ணிக்குள்ள எறங்குச்சி?" என்றாய்.

அந்தக் காட்சி வந்தபோது கொட்டாயே சிரித்தது. தண்ணீருக்குள் போகும்போது பறி வாயில் இருக்கிறது. நிமிர்ந்து முகத்தைக் காட்டும்போது நடிகையம்மாவின் இடுப்பில் கட்டியிருக்கிறது. முகத்தை மட்டும் பிறகு சென்னையில் ஒரு தொட்டியில் எடுத்தார்களாம். உதட்டுச் சாயம் போய்விடும் என்று அவர் கயிற்றைக் கடிக்க மாட்டேன் என்றுவிட்டாராம். சென்னையில் ஒருவருக்கும் இது தெரியவில்லை. நம் கரையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்தது.

பிறகு பத்திரிகைகள் எழுத ஆரம்பித்தன. அவர் முகம் மட்டுமல்ல, கைகூட நடிக்கிறது என்று ஒருவர் எழுதினார். சென்னையில் ஒரு சினிமா சங்கம் வருஷா வருஷம் கேடயம் கொடுக்குமே, அதில் சிறந்த நடிகைக்குத் தெரிவான மூன்று பேரின் பட்டியல் பேப்பரில் வந்தது. டீக்கடையில் என்னை பெஞ்சின்மேல் ஏற்றி வாசிக்கச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பேர் நம் நடிகையம்மா. ஊர் ஆண்கள் அந்த மூன்று பேரைப் பற்றியே ஒரு மாதம் சண்டை போட்டார்கள். உன்னோடு பேசாத நைனா, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் "நம்ம ஏரிப் படம்" என்று மார் தட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ வலை உலர்த்திக்கொண்டிருந்தாய்.

கேடயம் அவருக்குத்தான் என்று முடிவானதும் ஊருக்கு ஒரு கடிதம் வந்தது. விழாவுக்கு ஊர் சார்பில் ஒருவர் வரலாம், உள்ளே விட ஒரு நுழைவுச் சீட்டும் இதோடு வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தது. கோயிலில் கூட்டம் போட்டார்கள். அங்கே நடந்தது நம் ஊரைத் தவிர வேறெங்கும் நடந்திருக்காது. ஒரே ஒரு பொருள், கேட்பதற்கு ஊரே இருக்கிறது என்றால் நம் ஆட்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதானே? பாடு பிரிப்பதுபோலச் சீட்டுப் போட்டார்கள். பாடு உள்ள ஆண்களின் பேரை எல்லாம் எழுதி மண் சட்டியில் போட்டுக் குலுக்கினார்கள். ஏரியில் வெட்டுக்குத்து இல்லாமல் நாங்கள் பிழைப்பதே அந்தச் சட்டியால்தான், அதை நான் இகழ மாட்டேன். அன்றைக்கு மட்டும் அது தப்பு. யாரும் கெட்ட எண்ணத்தோடு உன் பேரை விடவில்லை. உன் பேரை எழுதலாம் என்ற நினைப்பே ஒருவருக்கும் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீயும் நானும் கோயில் வேலிக்கு வெளியே நின்றோம். "என் பேரு எழுதினீங்களா?" என்று நீ கேட்டதும் உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உனுக்கு ஏதும்மா பாடு?" என்றார் ஒருவர், சிரித்துக்கொண்டே. "உங்க பாடு ஏரிக்குத்தான? மெட்ராஸுக்கும் உண்டா?" என்றாய். சட்டியைக் குலுக்கினார்கள். சீட்டு யாருக்கு விழுந்தது? அண்ணனுக்கு.

அவன் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான், நம் வீட்டுக்கே வந்துவிட்டது என்று. நீ கையை நீட்டினாய். "எனக்குக் குடு." அவன் முகம் செத்துவிட்டது. "சீட்டுல விழுந்தத மாத்திக் குடுத்தா அடுத்த வருசம் சட்டில என் பேரு இருக்காதும்மே. அப்பறம் எங்க போயி வலை கட்டுறது? பேஜாரா பூடும்." அவன் சொன்னதும் பொய் இல்லை. சீட்டில் விழுந்ததை இன்னொருவர் கைக்கு மாற்றினால் பாடு பிரிப்பதிலிருந்து தள்ளிவைத்துவிடுவார்கள். அன்றைக்கு உனக்கு வயிற்றில் உன் பெரிய மகன். நீ யோசித்தாய். "சரி, நீயே போ. நானும் கூட வரேன். ஊரப் பாக்க வரேன்னு சொல்லு," என்றாய். நைனாவிடம் அப்படித்தான் சொன்னோம். என்னையும் இழுத்துக்கொண்டாய்.

கால்வாய்ப் படகில் விறகு மூட்டைக்கு மேலே உட்கார்ந்து போனோம். காசிமேட்டில் ஒரு உறவுக்காரர் வீட்டில் இறங்கிக் குளித்து, அண்ணன் இரவல் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டான். மண்டப வாசலில் பூச்சரம், கார், போலீஸ். அண்ணன் கேட்டை நோக்கி நான்கு அடி போனான். நின்றான். திரும்பி வந்தான். உன் முகத்தைப் பார்க்காமல், என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு நுழைவுச் சீட்டை உன் கையில் வைத்தான். "ஊர்ல யாருக்கும் தெரியக் கூடாது. இதோ, இவளும் வாயத் தொறக்கக் கூடாது," என்றான். நான் சத்தியம் செய்தேன். நீ தலையை நீவிக்கொண்டு உள்ளே போனாய். நானும் அண்ணனும் வாசலில் வறுத்த கடலை தின்றுகொண்டு நின்றோம். அவ்வளவு நிம்மதியான முகத்தோடு அவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் திரும்பி வரும்போது படகில் நீ அவனுக்குப் பாடம் நடத்தினாய். மேடை எப்படி இருந்தது, யார் யார் வந்தார்கள், கேடயம் என்ன நிறம், எல்லாம். ஊரில் போய்ச் சொல்ல வேண்டுமே! அவன் சும்மா சொல்வானா? நடிகையம்மா தன்னைப் பார்த்து வணக்கம் வைத்ததாகவும் சேர்த்துக்கொண்டான். பத்து வருஷம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். நீ பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவாய்.

ஊர் திரும்பிய மறுநாளே நீ செய்த காரியம்தான் பெரியது. பட்டப்பகலில், தெருவே பார்க்க, பறியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாய். நைனா கரைக்கு ஓடி வந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் பேசாத மனுஷன் வாயைத் திறந்தார். "யார் சொல்லி எறங்கின?" நீ கயிற்றை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாய். "கையால தடவறதுக்கு மெட்ராஸ்ல வெள்ளிக் கேடயம் குடுக்கிறாங்க மாமா. வலைக்குக் குடுத்தாங்களா?" அவரால் என்ன சொல்ல முடியும்? நம்ம ஏரிப் படம் என்று மார் தட்டியவர் அவர்தானே. அதற்குப் பிறகு உடம்பு முடிகிறவரை நீ ஏரியில் இறங்குவதை யாரும் தடுக்கவில்லை. பிடித்ததை அதே தெருவில் உட்கார்ந்து விற்றாய்.

இத்தனையும் எனக்குள் வைத்துக்கொண்டு நான் எப்படி அண்ணி அந்தத் தாளை வாசிப்பேன்?

சனிக்கிழமை உன் பெரிய மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். இப்போது அவன் மீனவர் சங்கத்தில் பெரிய ஆள், தலை எல்லாம் நரை. அவனுக்கும் அதுவரை தெரியாது. அவன் அப்பாதான் உள்ளே போனார் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவன். முழுவதும் கேட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டான். "அத்த, படத்துல இருக்கிறது அம்மா கைன்னு சொல்லு, நான் வேணாம்னு சொல்லல. உள்ள போனது அம்மான்னு மட்டும் சொல்லாத. எங்கப்பா சீட்ட மாத்திக் குடுத்தாருன்னா இன்னா பேசுவாங்க? நான் ஊருக்குப் பாடு பிரிக்கிறவன்."

"அறுவது வருசத்துக்கு மேல ஆயிடுச்சிடா."

"பாடு வழக்கத்துக்கு வயசு கெடையாது அத்த. நீ சத்தியம் பண்ணியிருக்கிற."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அண்ணன் சாகும்வரை நான் வாய் திறக்கவில்லை, நீ போன பிறகும் திறக்கவில்லை. அன்று முழுக்க அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன். கை உன்னுடையது என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த மண்டபத்துக்குள் நீ செய்ததை யார் சொல்வது? என்னோடு அதுவும் போய்விடுமே. அண்ணனையும் நினைத்துப் பார்த்தேன். ஊரில் அத்தனை ஆண்களில் தனக்கு விழுந்ததை உரியவளுக்குக் கொடுத்தவன் அவன் ஒருவன்தான். அதை மறைத்தால் அவனுக்கு என்ன மானம் மிஞ்சுகிறது? சத்தியத்தை மீறுகிறேன் என்று தெரிந்தேதான் போனேன்.

மேடையில் எனக்குச் சால்வை போட்டார்கள். தாளை மடித்துத் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். மைக் முன்னால் நின்று, அது நடிகையம்மா கை இல்லை, எங்கள் அண்ணி கை என்றேன். சீட்டுப் போட்டதைச் சொன்னேன். அண்ணன் வாசலில் செய்ததைச் சொன்னேன். முன் வரிசையில் உன் மகன் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு, திரும்பி வரும்போது அண்ணன் படகு முனையில் இருக்க நீ என் காதோரம் சொன்னதை, நீ சொன்ன மாதிரியே சொன்னேன்.

"அந்தம்மா கேடயத்த வாங்கினாங்கடி. ரெண்டு கையும் தூக்கிக் காட்டி, இந்தக் கைக்கு ஏரிதான் கத்துக் குடுத்திச்சின்னாங்க. அல்லாரும் கை தட்னாங்க. நான் எந்திரிச்சி நின்னேன். பின்னால ஒர்த்தன், மறைக்குது உக்காரும்மான்னான். உக்காரல. ஒரு ஆளு வந்து தோளத் தொட்டான். தொடாதன்னேன். அந்தம்மா என்னப் பாத்துட்டாங்க. தூக்கின கைய எறக்கிட்டாங்க. அவங்க மேடய விட்டுப் போறவரைக்கும் நின்னுகினே இருந்தேன்."

"ஒண்ணும் சொல்லலியா அண்ணி?" என்று நான் கேட்டதையும் சொன்னேன்.

"இன்னாத்தச் சொல்றது? அது யாரு கைன்னு அவங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். உக்காந்தா ஒத்துக்கினா மாரி ஆயிடும், அதான் நின்னேன்."

பின்னால் யாரோ ஒரு பெண், "அவங்க பேரு இன்னா பாட்டி?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வாழ்நாளில் உன் பேரை நான் வாயால் சொன்னதே இல்லை. அண்ணியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் ஏது நமக்கு? ரேஷன் அட்டையில் எழுதியிருக்கிறேன், உன் சாவுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், சொன்னதில்லை. மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். மைக்கில், முழுப் பேரையும், உன் அப்பா பேரோடு, உன் ஊர்ப் பேரோடு, இரண்டு முறை சொன்னேன்.

கீழே இறங்கியதும் அந்தச் சென்னைப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. படத்தின் தொடக்கத்தில் உன் பேரைச் சேர்ப்பது பற்றிக் குழுவில் கேட்கிறேன், ஆனால் ஆதாரம் கேட்பார்கள் பாட்டி என்றாள். படத்தையே போட்டுப் பார்க்கச் சொல், பறி வாயில் இருந்தால் எங்கள் அண்ணி, இடுப்பில் இருந்தால் அந்தம்மா என்றேன். உன் மகன் என்னிடம் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அது எனக்கு வலித்தது.

நேற்றுக் காலை வந்தான். உட்காரவில்லை.

"சங்கத்துல கேட்டாங்க அத்த."

"இன்னா கேட்டாங்க?"

"சீட்ட மாத்திக் குடுத்தது நெசமானு."

"நீ இன்னா சொன்ன?"

"எங்கப்பா குடுத்தாரு, எங்கம்மா போச்சின்னு சொன்னேன். இன்னா பண்ணணுமோ பண்ணுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்." பிறகு கொஞ்ச நேரம் என் வாசலில் நின்றிருந்துவிட்டுப் போனான். நிற்கிற நிற்பு அப்படியே உன்னுடையது.

அந்தப் பெண் மத்தியானம் போன் செய்தாள். குழுவில் யோசிக்கிறார்களாம், இன்னும் முடிவாகவில்லையாம். யோசிக்கட்டும். உன் பேர் என் வாய்க்கு வந்துவிட்டது, இனி போகாது. மீன் வாங்க வருகிறவர்களிடம் சொல்கிறேன், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சொல்கிறேன். அடுத்த மாதம் பொன்னேரியில் அந்தப் படத்தைப் போடுகிறார்களாம். பேரில்லாமல்தான் போடுவார்கள் போலிருக்கிறது. பழவேற்காட்டிலிருந்து பஸ் இருக்கிறது, பெண்களுக்கு டிக்கெட்டும் இலவசம். போவேன். கூப்பிட்டால் மேடையில் நின்று சொல்வேன், கூப்பிடாவிட்டால் இருக்கிற இடத்தில் எழுந்து நின்று சொல்வேன். உட்காரச் சொல்லிப் பார்க்கட்டும்.